எண்ணா எழுத்தா: யுனிகோட் இலக்கங்களும் நமது பழைய ஏடுகளும்

கலியாணக் கார்ட்டின் தலைப்பில் 786 போடலாமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. அது உலமாக்களின் காரியம். தமிழ் படிப்பிக்கிற ஒருவருக்கு அந்த மூன்று இலக்கங்களில் வேறொரு சங்கதி கண்ணில் படுகிறது. பிஸ்மியிலுள்ள பத்தொன்பது அறபு எழுத்துகளுக்கும் அப்ஜத் முறைப்படி பெறுமானம் கொடுத்துக் கூட்டினால் 786 வரும். 'பிஸ்மி' என்பதற்கு 102, 'அல்லாஹ்' 66, 'அர்ரஹ்மான்' 329, 'அர்ரஹீம்' 289. எழுத்தாக எழுதியதை எண்ணாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அறபு மரபு தெரிந்தவர்களுக்குப் புதினமல்ல. தமிழ் மரபு தெரிந்தவர்களுக்கும் அப்படித்தான். பழைய அச்சுப் புத்தகமொன்றில் பக்கத்தின் தலையில் 'க' போன்றதொரு வடிவத்தைக் கண்டால், அது ககரமா ஒன்றாம் பக்கமா என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

கணினிக்கு இடத்தைப் பார்க்கத் தெரியாது. அதற்கு ஒவ்வொரு குறியும் இன்னதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொல்லிவைத்த பெரிய பட்டோலைதான் யுனிகோட் நியமம். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து, ஒவ்வொன்றின் குணத்தையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத் தொழில்நுட்பக் கோப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம். என் பார்வையில் இது ஒரு இலக்கண நூல். எழுத்து எது, எண் எது, எது எதனோடு சேரும் என்று வகுத்துச் சொல்லும் எந்த நூலும் இலக்கண நூல்தானே. அப்படியானால் அதை விமர்சனத்தோடு வாசிக்கவும் வேண்டும். நாலைந்து வருடங்களாகப் பழைய கிதாபுகளையும் பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகளையும் தட்டச்சாக்கும் ஒரு சிறு குழுவோடு வேலை செய்து வருவதால், இந்த நூலின் எண் அதிகாரம் எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. பழகப் பழக மதிப்பும் கூடியது, சண்டை பிடிக்கவும் தோன்றியது.

முதலில் அடிப்படை. விசைப்பலகையில் 1ஐத் தட்டினால் கணினிக்குள் போவது ஒன்று அல்ல, 49. சைபரின் இலக்கம் 48, ஒன்பதின் இலக்கம் 57. 'ஒன்று' என்ற குறியிலிருந்து ஒன்று என்ற எண்ணைப் பெற 48ஐக் கழிக்க வேண்டும். கணினிக்குள் எண்கூட முதலில் எழுத்தாகத்தான் நுழைகிறது. இனித் தமிழ் ஒன்றின் இலக்கம் 3047. அறபு நாடுகளில் எழுதும் ஒன்று 1633. பாரசீகத்திலும் உருதுவிலும் எழுதும் ஒன்று 1777. சிங்களச் சாதக ஓலைகளில் வரும் லித் இலக்கத்தின் ஒன்று 3559. நம்முடைய நாட்டில் கிடைக்கும் பழைய கடதாசிக் கட்டொன்றில் இவற்றில் மூன்றாவது கட்டாயம் இருக்கும். கண்ணால் வாசிப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். தேடுபொறிக்கு அவை ஐந்து வெவ்வேறு ஆட்கள்.

பெயர் வைத்ததிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. 48 முதல் 57 வரை உள்ளவற்றுக்குப் பெயர் வெறுமனே 'இலக்கம் ஒன்று', 'இலக்கம் இரண்டு'. மற்ற எல்லாருக்கும் முன்னால் ஒரு அடைமொழி: தமிழ் இலக்கம் ஒன்று, அறபு-இந்திய இலக்கம் ஒன்று. அடைமொழி இல்லாதவர் வீட்டுக்காரர், மற்றவர்களெல்லாம் விருந்தாளிகள். இத்தனைக்கும் அந்த வீட்டுக்காரர் ஐரோப்பாவுக்குப் போனதே அறபிகளின் கைவழியாக. அல்-குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் இந்தியக் கணக்கு முறை பற்றி எழுதிய நூல் லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் மிஞ்சியிருக்கிறது. பிபொனாச்சியின் நூல் 1202. ஸிஃப்ர் என்றால் வெறுமை. அந்தச் சொல்தான் ஊரெல்லாம் சுற்றி நமக்குச் சைபராக வந்தது. பெயர்களைத் திருத்தலாமே என்றால் அதுவும் முடியாது. ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது நியமத்தின் உறுதியான கொள்கை. தமிழின் ஆய்தத்துக்கு 'தமிழ் விசர்க்கம்' என்று பெயர் வைத்துவிட்டு இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். தமிழ் சிறப்புப் பட்டம் படித்த எவரும் அதைக் கண்டால் ஒரு நாள் சாப்பாடு செமிக்காது.

சரி, குணங்களுக்கு வருவோம். எண்ணோடு தொடர்புள்ள குறிகளை யுனிகோட் மூன்றாகப் பிரிக்கிறது: தசம இலக்கம், எழுத்தெண், ஏனைய எண். தசம இலக்கம் என்ற பட்டம் கிடைக்கச் சைபர் முதல் ஒன்பது வரை பத்துப் பேரும் வரிசையாக, இடைவெளியின்றி இருக்க வேண்டும். இடத்தைப் பொறுத்துப் பெறுமானம் மாறும் முறையில் எழுதப்பட வேண்டும். இப்படிப் பத்துப் பத்தாக 60க்கும் மேற்பட்ட கூட்டங்கள் இன்று இருக்கின்றன. உரோம எண்கள் எழுத்தெண் வகை. அரை, கால் போன்ற பின்னங்கள், மேலே தூக்கி எழுதும் சிறிய இலக்கங்கள், வட்டத்துக்குள் எழுதும் இலக்கங்கள் எல்லாம் ஏனைய எண். வகுப்பு அழகாகத்தான் இருக்கிறது. தமிழ் அதற்குள் எப்படி அமர்ந்தது என்று பார்த்தால்தான் தையல் பிரிகிறது.

1991இல் முதற் பதிப்பு வந்தபோது இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அச்சில் வார்த்த பெட்டிகள் கொடுத்தார்கள். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு நியமம் அதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் சைபருக்கு ஓரிடம், தொடர்ந்து ஒன்று முதல் ஒன்பது. தமிழில் மரபாகச் சைபர் கிடையாது. அதனால் ஒன்று முதல் ஒன்பது வரை வந்து உட்கார்ந்தன, சைபரின் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. 2005இல் வந்த 4.1ஆம் பதிப்பில்தான் அந்த 3046ஆம் இடத்தில் தமிழ்ச் சைபர் அமர்ந்தது. ஸிஃப்ர் என்ற சொல்லின் கருத்துப்படியே பதினான்கு வருடம் அந்த இடம் வெறுமையாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் கணினிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த வெறுமை ஒரு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தமிழர் எண்களை எழுதியது வேறு விதமாக.

1825 என்ற வருடத்தை எடுங்கள். மரபான முறையில் அது ௲௮௱௨௰௫. ஆயிரம், எட்டு நூறு, இரண்டு பத்து, ஐந்து. வாயால் சொல்கிறபடியே கையால் எழுதுவது. பிற்காலத்தில் ஐரோப்பிய முறையைப் பார்த்து ௧௮௨௫ என்றும் எழுதினார்கள். இரண்டுக்கும் பொதுவானவை ௮, ௨, ௫ என்ற அதே குறிகள். ஆக ஒவ்வொரு தமிழ் இலக்கத்துக்கும் இரண்டு வாழ்க்கை உண்டு. ஒன்றில் அது இடத்தைப் பொறுத்துப் பெறுமானம் கொள்ளும். மற்றதில் பக்கத்திலுள்ள ௰, ௱, ௲ என்ற குறிகளைப் பெருக்கும். யுனிகோட் ஒன்று முதல் ஒன்பது வரை உள்ளவற்றைத் தசம இலக்கம் என்று பட்டியலிட்டது, ௰, ௱, ௲ மூன்றையும் ஏனைய எண் என்ற வகுப்பில் தள்ளியது. ஒரே குடும்பம் இரண்டு வகுப்பறையில்.

இதன் விளைவு நடைமுறையில் தெரியும். பைத்தன் என்ற நிரல்மொழியிடம் ௧௮௨௫ஐக் கொடுத்து எண்ணாக்கு என்றால் மறுபேச்சில்லாமல் 1825 என்று தரும். ௲௮௱௨௰௫ஐக் கொடுத்தால் பிழை என்று கையை விரிக்கும். ௰ஐ மட்டும் தனியாகக் காட்டிக் கேட்டால் 'பத்து' என்று சரியாகச் சொல்லும். அதாவது அதற்குச் சொல் தெரியும், வாக்கியம் தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் 'இலக்கம்' என்று தேடச் சொன்னால் தமிழ் இலக்கம் எதுவும் அதன் கண்ணுக்கே தெரியாது. 48 முதல் 57 வரை உள்ளவைதான் அதற்கு இலக்கம். நியமத்தை மட்டும் குறை சொல்ல வரவில்லை. யுனிகோட் அமைப்பே நடத்தும் மொழித் தரவுக் களஞ்சியத்தில் தமிழுக்கு இரண்டு எண்முறைகள் பதிவாகியுள்ளன: தசம முறை ஒன்று, மரபு முறை ஒன்று. ௲௮௱௨௰௫ என்று எழுதிக் காட்டும் விதியும் அங்கே இருக்கிறது. ஆக, தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். குறிகளின் பட்டோலையும் எண்முறைகளின் விதியும் இரண்டு அறைகளில் கிடக்கின்றன, நிரல் எழுதுபவர் பெரும்பாலும் முதல் அறையோடு திரும்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் சிங்களத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான் வருகிறது. சிங்களத்தின் பழைய எண்கள் இரண்டு வகை. 1815 கண்டி ஒப்பந்தத்தின் வாசகங்களை இலக்கமிடப் பயன்பட்ட பழைய இலக்கங்கள் ஒரு வகை; அவற்றுக்குச் சைபர் இல்லை, பத்துக்கும் இருபதுக்கும் நூறுக்கும் தனித்தனிக் குறி உண்டு. சோதிடக் கணக்குகளில் வரும் லித் இலக்கம் மற்ற வகை. அதற்குச் சைபர் உண்டு. 2014இல் வந்த 7.0ஆம் பதிப்பில் இரண்டும் சேர்ந்தன. லித் இலக்கங்கள் சிங்களப் பெட்டிக்குள்ளேயே தசம இலக்கங்களாக அமர்ந்தன. பழைய இருபது குறிகளும் தூரத்தில், 70113 முதல் 70132 வரை, ஏனைய எண் என்ற வகையில் தனி வீடு பெற்றன. ஒரு முறைக்கு ஒரு வீடு. சிங்களத்தில் இரண்டு முறைக்கும் வடிவங்கள் வேறாக இருந்ததால் இது சுலபம் என்பதும் உண்மைதான். தமிழில் வடிவம் ஒன்று, முறை இரண்டு. பிரித்திருந்தால் வேறு குழப்பம் வந்திருக்கும். இருந்தாலும் ஆதாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகச் செய்த வேலைக்கும், அச்சு வார்ப்பில் அவசரமாக ஊற்றிய வேலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது.

தமிழ் இலக்கங்களில் எனக்கு மிகப்பெரிய தலையிடி இதுவல்ல. ௧வும் 'க'வும். ௨வும் 'உ'வும். ௭வும் 'எ'வும், ௮வும் 'அ'வும். வடிவத்தில் பலவற்றுக்குக் கண்ணால் வித்தியாசம் காணவே முடியாது. பழைய அச்சகங்களில் எழுத்துக்கு வார்த்த ஈய அச்சையே எண்ணுக்கும் எடுத்துக் கோத்த இடங்கள் உண்டு; கோப்பவருக்கு அது குறையல்ல, வாசிப்பவருக்கும் அல்ல. யுனிகோட் இங்கே ஒரு தெளிவான நிலைப்பாடு எடுத்தது. 'க' எழுத்து, 2965; ௧ எண், 3047. தோற்றம் ஒன்றானாலும் தொழில் வேறு, ஆகவே ஆள் வேறு. இலக்கணக்காரர் மறுக்க முடியாத தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பைச் செயற்படுத்த வேண்டியவர் தட்டச்சு செய்பவர். நம்மில் பெரும்பாலானோர் பாமினியில் கை பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில் தமிழ் இலக்கம் கைக்கு எட்டாது, 'க' எட்டும். ஆகவே பக்க எண்ணாக நிற்கும் ஒன்றுக்குக் ககரத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள், பிறகு யுனிகோட்டாக மாற்றும்போது அது உறுதியாக எழுத்தாகவே மாறும். அச்சில் பார்த்தால் குறையே தெரியாது. தேடினால்தான் தெரியும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு மின்பதிப்பில், ஒரு பாமாலையின் செய்யுள் எண்கள் எல்லாம் இப்படி எழுத்துகளாகியிருந்தன. அகராதி தயாரிக்கும் நோக்கில் அதன் சொற்களை வரிசைப்படுத்திய மாணவி ஒருத்தி, 'உரு' என்ற சொல் இந்த நூலில் இவ்வளவு தரம் வருகிறதே ஏன் சேர் என்று வந்து கேட்டாள். சொல்லே இல்லை. உகரமும் ருகரமும் போலத் தோன்றும் ௨௫தான் அது, ஒவ்வொரு பகுதியிலும் இருபத்தைந்தாம் செய்யுள். நல்ல வேளை, அவள் கேட்டாள். கேட்காமல் கட்டுரை எழுதியிருந்தால் அந்தப் புலவருக்கு உருவ வழிபாட்டுச் சாயல் என்றுகூட யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

பின்னங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அங்கே யுனிகோட்டைப் பாராட்டத்தான் வேண்டும். 2019இல் வந்த 12.0ஆம் பதிப்பில் 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்ற பெயரில் 51 குறிகள் சேர்ந்தன. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, அதுவே வீசம். 'கீழ்' என்ற குறி ஒன்று, முன்னால் நின்றால் வருவதை மேலும் முந்நூற்றிருபதாகப் பிரிக்கும். கீழ்முந்திரி என்றால் 1,02,400இல் ஒரு பங்கு. எந்த வியாபாரி எதை இவ்வளவு நுணுக்கமாக நிறுத்தானோ! இவற்றோடு குறுணி, பதக்கு, பணம், வராகன், நன்செய், புன்செய், உப்பளம் ஆகியவற்றுக்கும் குறிகள். பதினாறில் ஒன்றுக்கு இரண்டு வடிவம், அரைக்கு இரண்டு வடிவம் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள். ஏட்டில் இரண்டும் இருந்தது என்பதால். பெறுமானம் ஒன்றுதானே, ஏன் இரண்டு என்று கேட்கலாம். ஏட்டைப் பதிப்பிக்கிறவர் கேட்கமாட்டார்.

பள்ளிவாசல் கணக்குக் கொப்பியொன்றில் 'வயல் வருமானம்' என்ற தலைப்பின் கீழ் முக்காலே அரைக்கால் என்று வாசிக்கத்தக்க ஒரு குறிக்கூட்டைக் கண்டோம். அதைக் குறியாகவே தட்டச்சாக்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் அந்தக் குறிகளை வரைந்து காட்டும் எழுத்துரு எல்லாக் கணினியிலும் இல்லை, அனுப்பியவருக்குத் தெரியும் குறி பெற்றவரிடம் வெறும் பெட்டியாக நிற்கும். இன்னொன்று. கிழக்கு மாகாண வயல்காரரின் வாயில் இன்றும் இருக்கும் அவணம் அந்த 51இல் இல்லை. இதற்கு யுனிகோட்டை ஏசிப் பயனில்லை. யாரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்தக் குறி உண்மையில் எழுதப்பட்டது என்பதற்கு ஏட்டுச் சான்று காட்ட வேண்டும். அவணத்துக்குத் தனிக்குறி எழுதிய ஏடு எங்கட வீடுகளில் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தால்தானே.

அறபு இலக்கங்களுக்கு வருவோம். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ஐந்து என்பது வட்டம், சைபர் என்பது புள்ளி. உருது வழியாக வந்த கிதாபுகளைப் பார்த்தவர்களுக்கு நாலும் ஐந்தும் ஆறும் வேறு வடிவம் என்பதும் தெரியும். யுனிகோட் இவற்றை இரண்டு கூட்டமாக்கியது: 1632 முதல் 1641 வரை அறபு நாடுகளுக்கு, 1776 முதல் 1785 வரை பாரசீகம், உருது, சிந்தி ஆகியவற்றுக்கு. பத்தில் மூன்று வடிவம்தான் தெளிவாக வேறுபடுகிறது; மூன்றுக்காகப் பத்தையும் இரட்டிப்பாக்கினார்கள். சரி, நியாயம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உருதுவின் நாலும் ஏழும் பாரசீகத்தினின்று வேறுபடுகின்றனவே, அவற்றுக்கு ஏன் தனி இலக்கம் இல்லை? அதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும் என்கிறது நியமம். ஒரு வேறுபாட்டுக்குத் தனி வீடு, இன்னொரு வேறுபாட்டுக்குத் தனி உடுப்பு மட்டும். இங்கே கொள்கை தடுமாறுகிறது என்றுதான் சொல்வேன்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் திசைக் குணமும் வேறு. முதற் கூட்டம் 'அறபு எண்', இரண்டாவது கூட்டம் 'ஐரோப்பிய எண்' என்று நடத்தப்படுகிறது. வெறும் நுணுக்கம் என்று தோன்றும். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே அறபு இலக்கத்தில் இரண்டாம் சூறாவின் 255ஆம் வசனத்தைக் குறிக்க, இரண்டு, முக்காற்புள்ளி, இருநூற்றைம்பத்தைந்து என்று தட்டிப் பாருங்கள். இடப்பக்கம் 2, வலப்பக்கம் 255. முக்காற்புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு போட்டால் திரையில் இடம் மாறி 255 இடப்பக்கமும் 2 வலப்பக்கமும் வந்து நிற்கும். தட்டிய ஒழுங்கு மாறவில்லை, காட்டும் ஒழுங்குதான் மாறியது. ஒரே வகை எண்கள் இரண்டுக்கு நடுவே நிற்கும் முக்காற்புள்ளியை விதி எண்ணோடு சேர்த்துக்கொள்ளும்; சிறு கோட்டை ஐரோப்பிய எண்களுக்கு நடுவே மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். அறபு எண்களுக்கு நடுவே நின்றால் அது எண்ணில்லை, ஆகவே முழுத் தொடரும் வலமிருந்து இடமாக அடுக்கப்படும். பாரசீகக் கூட்டத்து இலக்கத்தில் அதையே தட்டினால் புரளாது. ஹிஜ்ரித் திகதியைக் கோடு போட்டு எழுதினாலும் இதே கூத்துத்தான்: வருடம் இடக்கோடிக்குப் போய்விடும். சாய்கோடு போட்டால் போகாது.

அறபியில் வாசிப்பவருக்கு அந்தப் புரளல் சரியான ஒழுங்கு. தமிழ்ப் பத்திக்குள் வாசிப்பவருக்கு அது தப்பான வசனம். விதியை வகுத்தவர்கள் ஒரு பத்தி ஒரு திசையில் ஓடும் என்று நினைத்திருக்கலாம். நாமோ அறபுத்தமிழ் எழுதிய சமூகம். மொழி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், எண் இன்னொரு பக்கம் என்று ஒரே வரிக்குள் குடித்தனம் நடத்தியவர்கள். நமது சஞ்சிகைகளின் பக்கத்தை வடிவமைப்பவர்கள் வசன இலக்கங்களுக்கு முக்காற்புள்ளியையே பயன்படுத்தினால் பாதி வில்லங்கம் தீரும்.

அறபுப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது வசன முடிவுக் குறி, 1757. அது தனியே நின்றால் ஒரு வட்டம். பின்னால் இலக்கங்கள் வந்தால் அவற்றைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்ளும். அதேபோல் 'சனஹ்' என்ற ஆண்டுக் குறி, 1537: பின்வரும் வருடத்தின் கீழே நீண்டு படுத்துக்கொள்ளும். அறபிக் கிதாபுகளில் ஹிஜ்ரி வருடத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு நீண்ட கோடுபோல வரும் அந்தக் குறியைக் கண்டவர்களுக்கு, அதை அலங்காரம் என்று தள்ளிவிடாமல் எழுத்தாக ஏற்றுக்கொண்ட நியமத்தின் மீது மரியாதை வரும். எழுத்துரு ஒத்துழைக்காவிட்டால் வட்டம் ஒரு பக்கமும் இலக்கம் ஒரு பக்கமுமாகக் கிடக்கும்; அது எழுத்துருவின் பிழை.

அப்ஜத் விஷயத்தை விட்டுவிட முடியாது. சீன எழுத்துகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருள்படுபவற்றை யுனிகோட் எழுத்து என்றே வகைப்படுத்தினாலும், அவற்றுக்கு எண் பெறுமானத்தையும் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறது. அலிஃபுக்கு ஒன்று, பேக்கு இரண்டு என்று அப்படி எழுதிவைக்கவில்லை. பிஸ்மி முழுவதற்கும் ஒரே குறியாக 65021 என்ற இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் 786 என்ற பெறுமானம் கிடையாது. ஓரவஞ்சனை என்று என் சக ஆசிரியர் ஒருவர் கொதித்தார். நான் அவரோடு உடன்படவில்லை. சீன எழுத்தில் 'மூன்று' என்பது அந்தச் சொல்லின் பொருளே. அலிஃபின் பொருள் ஒன்று அல்ல. ஒரு கணக்கு முறை அதற்கு ஒன்று என்று தருகிறது, இன்னொரு முறை வேறு தரலாம். தருகிறதும்தான். மேற்கு அறபு நாடுகளின் அப்ஜத் ஒழுங்கில் ஸீனுக்கு 60 இல்லை, 300. அந்தக் கணக்கில் பிஸ்மியைக் கூட்டினால் 1026 வரும். எந்தப் பெறுமானத்தை எழுதிவைப்பது? இங்கே எதையும் எழுதாமல் விட்டதுதான் சரியான இலக்கணம்.

இதற்கு நேரெதிரான உதாரணம் நமது மலாய்ச் சகோதரர்களின் ஏடுகளில் இருக்கிறது. 1869இல் கொழும்பில் வெளிவந்த 'அலாமத் லங்காபுரி' ஜாவி எழுத்தில் வந்த பத்திரிகை. ஜாவியில் ஒரு சொல்லை இரட்டிக்க வேண்டுமானால் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள். பக்கத்தில் அறபு இரண்டைப் போடுவார்கள். 'அனாக்'குக்குப் பக்கத்தில் 2 என்றால் 'அனாக் அனாக்', பிள்ளைகள். அங்கே நிற்கும் 2 எண்ணே அல்ல, 'திரும்பச் சொல்' என்ற கட்டளை. யுனிகோட் பட்டோலையில் அது தசம இலக்கம், பெறுமானம் இரண்டு, திசைக் குணம் அறபு எண். ஒரு மலாய் ஏட்டில் எத்தனை எண்கள் வருகின்றன என்று கணினியைக் கேட்டால், எத்தனை பன்மைகள் வருகின்றன என்பதைத்தான் சொல்லும்.

கடைசியாக, ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களின் காதில் போட ஒன்று. எழுத்துகளை ஒரே சீராக்கும் விதிகளில், மேலே தூக்கி எழுதிய சிறிய 2ஐச் சாதாரண 2 ஆக்கும் ஒரு விதி உண்டு. 1915 என்ற ஆண்டுக்குப் பின்னால் இரண்டாம் அடிக்குறிப்பைத் தனிக் குறியான அந்தச் சிறிய 2ஆல் போட்டிருந்தால், சீராக்கிய பிறகு கலவரம் நடந்தது 19152இல். அதே விதி தமிழ் ௧ஐயும் அறபு ஒன்றையும் 1 ஆக்குவதில்லை. தூக்கி எழுதியது வெறும் உடுப்பு, ௧ தனி ஆள் என்பது அதன் வாதம். வரிசைப்படுத்தும் விதிகளிலோ இவர்கள் எல்லாரும் முதல் நிலையில் ஒரே எடை. ஒன்றுகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலே வந்து நிற்கும். நல்ல ஏற்பாடு, தேடுபொறிகள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால்.

அந்த நம்பிக்கையில்தான் எங்கள் குழுவில் ஒரு முடிவுக்கு வந்தோம். பழைய ஏடுகளைத் தட்டச்சாக்குபவர்களில் பலர் எல்லா இலக்கத்தையும் 1, 2, 3 ஆக மாற்றிவிடுகிறார்கள், வாசிக்க இலேசு என்று. மாற்றியபின் அந்த ஏட்டுக்காரர் ௲௮௱ என்று எழுதினாரா ௧௮ என்று தொடங்கினாரா, அறபு வடிவத்தில் எழுதினாரா உருது வடிவத்தில் எழுதினாரா என்பது போய்விடும். ஒரு கொப்பியில் எந்த வருடத்திலிருந்து கணக்கப்பிள்ளை பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு மாறினார் என்பது அந்த ஊரின் படிப்புச் சரித்திரம். ஆகவே மூலத்தில் உள்ள இலக்கம் உள்ளபடி ஒரு நிரலில். இன்றைய இலக்கம் பக்கத்து நிரலில். வேலை இரட்டிப்பு. முக்காலே அரைக்கால் வந்த அந்த வயல் வருமானப் பக்கத்தில் இப்போது முதல் நிரலில் இரண்டு குறிகளும் பக்கத்தில் 7/8 என்பதும் இருக்கின்றன, அவணம் மட்டும் எழுத்தில்.